அடுப்புப் பிடிக்கிற ஆள்

அந்த வாங்கில இரும் தம்பி. அங்கால இல்லை, இஞ்ச, இந்த அடுப்பின்ர ரெண்டாவது தட்டுக்குக் கிட்ட. உம்மட முதுகுப்பையைக் கழட்டி அடுப்பு மேடையில வையும். சுடாது, பயப்படாதையும், மூட்டினது ஆறீட்டுது. பை ஒண்டு கிடந்தால் ஆரோ ஆள் இருக்கு எண்டு சனம் விலத்திப் போகும். காலமை ஆறரைக்கு வந்தனான். இப்ப ஒன்பதே கால். ரெண்டு தட்டையும் தனி ஒரு ஆளாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். ஒண்டுக்குப் போறதெண்டாலும் போக ஏலாமல் கிடக்கு.

நீர் இந்தியாவோ? வாயைத் திறக்க விளங்கீட்டுது. படிக்க வந்தனீராக்கும். நல்லது, படியும். அங்கிள் எண்டு மட்டும் கூப்பிடாதையும், எனக்குப் பிடிக்காது. குலசேகரம் என்ர பேர். இந்தப் பக்கத்தில குலம் அண்ணை எண்டு கேட்டால் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியும் எண்டுதான் சொல்லுறன். கதைக்கினமோ இல்லையோ, அது வேற கதை.

உமக்கு உது புதுசா இருக்கும். கவுன்சில்காரன் பூங்காவில வைச்ச காஸ் அடுப்பு. காசு குடுக்கத் தேவையில்லை, பதியத் தேவையில்லை. இந்தப் பொத்தானைப் பத்துச் செக்கன் அமத்திப் பிடிச்சால் கீழ நெருப்புப் பிடிக்கும், மேல தட்டுச் சுடும். கால் மணித்தியாலத்தில தானா நிண்டுபோகும், திருப்பியும் அமத்த வேணும். நடுவில ஓட்டை தெரியுதோ? கொழுப்பு அதுக்குள்ளால வடிஞ்சு கீழ வாளியில விழும். எல்லாருக்கும் பொது. பொது எண்டால் என்ன, முதல் வந்தவனுக்குச் சொந்தம். இப்பிடி நீண்ட விடுமுறை நாளில பத்து மணிக்குப் பிறகு வந்து பாரும், ஒரு தட்டும் கிடையாது. வெள்ளை, சீனன், லெபனான்காரன் எண்டு ஒவ்வொரு அடுப்புக்கும் நாலு குடும்பம் நிக்கும். அதால எங்கட சங்கத்தில ஒரு வழக்கம். ஒன்றுகூடல் எண்டால் முதல் ஒரு ஆளை விடிய அனுப்பிப்போடுவினம், அடுப்புப் பிடிக்க. அந்த ஆள் நான். பத்தொன்பது வருசம் நான்தான்.

லேசான வேலையெண்டு நினைக்காதையும். கறி காய்ச்சக் கனபேர் வருவினம், மைக் பிடிக்க அதைவிடக் கனபேர் வருவினம். அடுப்புப் பிடிக்க ஒருத்தன் வரமாட்டான். சமைக்காமல் சும்மா நிண்டு பிடிச்சு வைச்சிருக்கச் சட்டமும் இல்லை. ஆரும் வந்து, என்ன, நீங்கள் பாவிக்கேல்லையோ எண்டு கேட்டால் விடத்தான் வேணும். அதுக்கு என்னட்ட ஒரு வழி இருக்கு. பாரும், இந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு வெங்காயம் வெட்டி வைச்சிருக்கிறன். ஆரும் கிட்ட வந்தால் பொத்தானை அமத்தி வெங்காயத்தைப் போட்டுப் பிரட்டத் துவங்கீடுவன். போயிடுவினம். இண்டைக்கு மூண்டுதரம் பிரட்டீட்டன்.

ஆருக்காகப் பிடிக்கிறன் எண்டு கேட்கிறீரோ? சொல்லுறன். பரராசசிங்கம் எண்டு ஒருத்தன். பரா. இண்டைக்குப் பத்து மணிக்கு அவன்ர புதுச் சங்கத்தின்ர ஒன்றுகூடல், இந்தப் பூங்காவில. தமிழ்க்கடைக் கண்ணாடியில நோட்டீஸ் ஒட்டியிருந்தது, அதில பார்த்தனான். எனக்கு அழைப்பில்லை. நான் இஞ்ச நிக்கிறது அவனுக்குத் தெரியவும் தெரியாது. அவனும் நானும் கதைச்சுப் பதினாறு மாசம்.

என்ன அப்பிடிப் பார்க்கிறீர்? எனக்கு விசரெண்டு நினைக்கிறீராக்கும். அந்த நோட்டீசை நீர் பார்த்திருக்க வேணும். தாச்சி, கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை எல்லாம் வடிவாப் போட்டிருக்கு. அடுப்பு ஆர் பிடிக்கிறது எண்டு ஒரு சொல்லில்லை. நாற்பது குடும்பம் கோழியும் ஆடும் ஊறவைச்சுப் பெட்டி பெட்டியாக் கொண்டுவந்து இறங்கி, அடுப்பில்லாமல் ஆளை ஆள் பார்த்து முழிக்கப் போகுது. அவங்களுக்குப் பிடிக்கத் தெரியாது தம்பி. பத்தொன்பது வருசமும் நான் பிடிச்சதைத் திண்டு பழகினவங்கள்.

அதோட பரான்ர மனிசி வருவா, மலர். மகள் ஆரணி வருவாள். ஆரணிக்கு ஒரு பெடியன் பிறந்திருக்கு, ஒன்பது மாசம். நான் இன்னும் காணேல்லை. பேர்கூடத் தெரியாது எனக்கு. என்ர மனிசி பவளத்துக்குத் தெரியும், அவவும் மலரும் இப்பவும் போனில கதைக்கிறவை. கேட்டால் சொல்லமாட்டா. காலமை நான் வெளிக்கிடேக்க வாசலில வந்து நிண்டு சொன்னா, "போறதெண்டால் மலரிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கப் போங்கோ. அடுப்புப் பிடிக்கப் போகாதேங்கோ."

நான் என்ன பிழை செய்தனான், மன்னிப்புக் கேட்க? நீர் படிச்ச பிள்ளை. நடந்ததைச் சொல்லுறன், நீரே சொல்லும்.

பராவும் நானும் இந்த நாட்டுக்கு ஒரே வருசம் வந்தனாங்கள். பாண் தொழிற்சாலையில, அதுதான் உங்கட பிரெட், ஒரே ஷிப்ட். ஆரணி பிறக்கேக்க பரா வேலையில நிக்கிறான், மலரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது நான். நேர்ஸ் வந்து என்னைத் தகப்பன் எண்டு நினைச்சுப் பிள்ளையைத் தந்தவள். முதல் வாங்கினது இந்தக் கை. அவள் என்னைக் குலம் மாமா எண்டுதான் கூப்பிடுவாள். இதையெல்லாம் ஏன் சொல்லுறன் எண்டால், ஏதோ அயலட்டைச் சண்டையெண்டு நீர் நினைக்கக் கூடாது.

போன வருசத்துக்கு முந்தின வருசம் நொவெம்பர் மாசம் சங்கத்தின்ர ஒன்றுகூடல். நான் செயலாளர். திகதி குறிச்சது நான். பள்ளிக்கூடச் சோதினை, வெய்யில், எல்லாம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிச்சு நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தாச்சு. பிறகுதான் பரா வந்து சொல்லுறான், உது கந்தசட்டிக்குள்ள வருகுது, நாலாம் விரதம் எண்டு. உமக்குத் தெரியும்தானே, ஆறு நாள் விரதம். எங்கட ஆக்களில பாதிப்பேர் பிடிக்கிறவை. பரா சொன்னான், ஒரு கிழமை தள்ளி வை எண்டு. எப்பிடித் தள்ளுறது? நோட்டீஸ் போட்டாச்சு. நான் ஒருக்காச் சொன்னால் சொன்னதுதான். விரதக்காரர் வேணுமெண்டால் வீட்டில நிக்கட்டும் எண்டன்.

அவன் கெஞ்சினான். மலர் இந்தமுறை கடுமையாப் பிடிக்கிறா, மத்தியானம் ஒரு பேணி பால், அவ்வளவுதான். ஆனால் ஒன்றுகூடலுக்கு வராமல் நிண்டால் ஆக்கள் நூறு கேள்வி கேட்பினம் எண்டான். என்ன கேள்வி எண்டால், ஆரணிக்கு ரெண்டுதரம் பிள்ளை தங்கி அழிஞ்சு போச்சு. மலர் விரதம் பிடிக்கிறது அதுக்காகத்தான். எனக்குத் தெரியும். ரெண்டாந்தரம் ஆசுப்பத்திரியில ஆரணிக்குப் பக்கத்தில இருந்தது பவளம்.

சரி, நானும் மனுசன்தானே. ஒரு வழி சொன்னன். மேடையில ரெண்டு தட்டிருக்கு. வலப்பக்கத் தட்டில மச்சம். மச்சம் எண்டால் உங்கட அசைவம், இறைச்சி, மீன். இடப்பக்கத் தட்டில சைவம் மட்டும். எங்கட வீடுகளில மச்சச் சட்டி வேற, சைவச் சட்டி வேற, அகப்பைகூட வேற. அதேமாதிரி இஞ்சயும் பிரிச்சுவிடுறன், இடப்பக்கத்தில ஒரு துண்டு மச்சம் படாது, அது என்ர பொறுப்பு எண்டு செயற்குழுவில எழும்பி நிண்டு சொன்னன். எல்லாரும் கை தட்டிச்சினம். பராவுக்கு முகம் மலர்ந்துபோச்சு.

அண்டைக்கும் இதே மேடைதான். ஆறரைக்கு வந்திட்டன். இடப்பக்கத்தில சைவம் எண்டு எழுதி ஒட்டினன். எட்டு மணிபோல ஒரு வெள்ளைக்காரன் வாறான், மூண்டு சின்னப் பிள்ளையள், ஒண்டுக்குப் பிறந்தநாள். பத்து நிமிசம் தாறியளோ, சொசேஜ் சுட்டுக்கொண்டு போயிடுறன் எண்டு கேட்கிறான். நான் வெங்காயத்தைப் பிரட்டினன். அவன் சிரிச்சுக்கொண்டு அப்பிடியே நிக்கிறான். வலப்பக்கத் தட்டைத் தாறன் எண்டு பொத்தானை அமத்தினால் அது பத்துதே இல்லை. காத்தோ என்னவோ, அண்டைக்கெண்டு பார்த்து அது சண்டித்தனம் பண்ணுது. பிள்ளையள் மூண்டும் என்ர முகத்தைப் பார்க்குதுகள். மாட்டன் எண்டு சொன்னால் அவன் கவுன்சிலுக்குப் போன் அடிப்பான், ரெண்டு தட்டும் போகும். நீராயிருந்தால் என்ன செய்திருப்பீர்?

குடுத்தன். இடப்பக்கத் தட்டைத்தான் குடுத்தன்.

ஆனால் அவன் போனபிறகு நான் செய்த வேலையை ஆரும் பேசமாட்டினம். மூண்டு தேசிக்காய், உங்கட எலுமிச்சை, ஒரு பிடி உப்பு, ரெண்டு கேத்தில் சுடுதண்ணி. முழங்கையால மினுக்கினன் தம்பி. அந்தத் தட்டில முகம் பார்த்திருக்கலாம். கவுன்சில்காரன் ஒருநாளும் அப்பிடிக் கழுவியிருக்க மாட்டான். பிறகு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்ல என்ன இருக்கு? ஒன்பது மணிக்கு வலப்பக்கமும் பத்தீட்டுது. காரியம் முடிஞ்சுது.

மத்தியானம் மலர் சின்னச் சருவச்சட்டி ஒண்டில பால் கொண்டுவந்தா. நாலு நாளாச் சாப்பாடில்லை, முகம் காஞ்சுபோய்க் கிடக்கு, நடக்கேக்க கால் தடுமாறுது. சட்டியைத் தட்டில வைக்க முதல் ஒருக்கா நிண்டு என்னைப் பார்த்தா.

"அண்ணை, இதில ஒண்டும் படேல்லைத்தானே?"

"இல்லைப் பிள்ளை. முருகனறிய."

சொல்லீட்டன். ஏன் சொன்னன்? அந்தப் பிள்ளை நிண்ட நிலையைப் பார்த்துச் சொன்னன். பட்டது எண்டு சொன்னால் அந்தப் பாலும் குடியா. மயங்கி விழுந்திருப்பா. நான் சொன்னது அவவின்ர நன்மைக்கு. அதோட யோசிச்சுப் பாரும், பால் சட்டிக்குள்ள இருக்கு. சட்டியின்ர அடிதான் தட்டில படுகுது. பாலில என்ன பட்டது? ஒண்டுமில்லை. பொது அடுப்பு இது, நேற்று ஆர் என்ன சுட்டானோ, மாடோ கங்காருவோ, ஆருக்குத் தெரியும்? அதுக்கெல்லாம் வராத தீட்டு ரெண்டு சொசேஜில வந்திட்டுதோ?

பால் சூடாகிப் பேணியில வார்த்து மலர் பாதி குடிச்சிருப்பா. அந்த நேரம் பார்த்து அந்த வெள்ளைக்காரன் திரும்பி வாறான். நல்ல மனுசன், அதுதான் கரைச்சல். கடதாசித் தட்டில ரெண்டு சொசேஜ், ஒரு துண்டு பிறந்தநாள் கேக். எங்கட ஆக்கள் அத்தினை பேருக்கும் நடுவில வந்து, காலமை எங்களுக்கு இந்தத் தட்டில சுட இடம் தந்ததுக்கு இது எண்டு சொல்லி, இடப்பக்கத் தட்டைக் கையால தட்டிக் காட்டி, அந்தச் சைவம் எண்டு எழுதின கடதாசிக்கு மேலேயே சொசேஜை வைச்சிட்டுப் போயிட்டான்.

மலர் பேணியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பன். பராதான் வந்து அவவின்ர கையில இருந்த பேணியை வாங்கி மிச்சப் பாலைப் புல்லில ஊத்தினான். பிறகு மனிசியைக் காரில ஏத்திக்கொண்டு போயிட்டான்.

சின்ன விசயம் தம்பி. ரெண்டு நாளில ஆறியிருக்கும். ஊதிப் பெருப்பிச்சது சங்கம். ரெண்டு கிழமையில பொதுக்கூட்டம் போட்டு என்னை விளக்கம் கேட்டவங்கள். பத்தொன்பது வருசம் விடிய வந்து நிண்ட என்னை. நானும் எழும்பி, பொது அடுப்பில என்ன ஆசாரம், அவ்வளவு ஆசாரம் பார்க்கிறவை வீட்டில இருக்க வேண்டியதுதானே எண்டு கேட்டன். அதில பாதிப்பேர் எனக்குக் கை தட்டினவங்கள், தெரியுமோ? பரா கடைசி வரிசையில இருந்து எழும்பினான். நீ தட்டைக் குடுத்ததுக்கு எனக்குக் கோவமில்லை, மலர் கேட்கேக்க பொய் சொன்னாய், அதுக்கு ஒரு வார்த்தை சொல்லு, அதுவே காணும், வேற ஒண்டும் வேண்டாம் எண்டான். நானும் கோவத்தில ஒரு கதை விட்டிட்டன். அதை விடும். அண்டையோட அவன் இருபது குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு புதுச் சங்கம் துவங்கீட்டான். இப்ப நாற்பது.

இப்ப சொல்லும், நான் என்ன பிழை செய்தனான்?

உங்கட ஆக்களில இப்பிடியெல்லாம் இல்லையோ? இருக்கும். எல்லா இடத்திலயும் இருக்கும். பொறும், ஆரோ ஒரு சோடி வருகுது. பொத்தானை அமத்தும், உம்மட பக்கத்ததை. அமத்திப் பிடியும், விடாதையும். நான் வெங்காயத்தைப் போடுறன். ... சரி, போயிட்டினம். கெட்டிக்காரன் நீர்.

நான் நினைச்சு வைச்சிருக்கிறது இதுதான். பரா வருவான். வந்தவுடன அடுப்பைத் தேடுவான். எல்லா மேடையிலயும் ஆக்கள் நிப்பினம். இஞ்ச பார்ப்பான், நான் நிப்பன். ரெண்டு தட்டும் மினுங்கிக்கொண்டு கிடக்கும். நான் ஒண்டும் சொல்லமாட்டன், வெங்காயத்தை எடுத்துப்போட்டு விலத்தி நிப்பன். அவன் விளங்கிக்கொள்ளுவான். முப்பது வருசம் பழகினவனுக்கு வாயால சொன்னால்தான் விளங்குமோ? பிறகு ஆரணி பிள்ளையைக் கொண்டுவருவாள். அவ்வளவுதான் எனக்கு வேணும். சங்கமும் வேண்டாம், பதவியும் வேண்டாம். அந்தப் பிள்ளையை ஒருக்காத் தூக்க வேணும்.

அங்க பாரும், வெள்ளை வான். அவன்ரதான். பத்துக்கு அஞ்சு நிமிசம் இருக்கு, சொன்ன நேரத்துக்கு வருவான். பின்னால இன்னும் நாலைஞ்சு கார். எங்கட ஆக்கள்தான். எழும்பாதையும், இரும். இஞ்ச வரட்டும்.

என்னத்தை இறக்கிறாங்கள்? உமக்குக் கண் நல்லாத் தெரியும்தானே, என்ன அது? சில்லுப் பூட்டி உருட்டிறாங்கள்... காஸ் அடுப்போ? சிலிண்டரோட? ரெண்டா? ரெண்டு இறக்கிறாங்களோ?

ஒண்டில பச்சை நாடா கட்டியிருக்கு. அதுதான் சைவமாக்கும். சொந்தமா அடுப்பு வாங்கி வைச்சிருக்கிறாங்கள். சங்கத்துக்கெண்டு. ஒண்டு மச்சத்துக்கு, ஒண்டு சைவத்துக்கு. இனி ஆரும் விடிய வந்து பிடிக்கத் தேவையில்லை.

சொந்தக் காஸ் அடுப்பு கொண்டுவரக் கூடாது தம்பி. வாசல் போர்ட்டில இருக்கு, வாசிச்சுப் பாரும். கவுன்சில் நம்பர் என்ர போனில கிடக்கு. ஒரு அடி அடிச்சால் பத்து நிமிசத்தில வந்து எல்லாத்தையும் தூக்கி ஏத்தச் சொல்லுவான். அடிக்கட்டோ? பொதுவா ஒண்டு இருக்கேக்க அதை அவமதிச்சு... பொறும், கண்ணாடியைக் காணேல்லை. இந்தா.

மலர் இறங்கிறா. கையில பிள்ளை. தொப்பி போட்டிருக்கு. நல்ல உருண்டைப் பிள்ளை.

விடும், போனை உள்ள வைக்கிறன்.

அந்தக் கூட்டத்தில நான் என்ன சொன்னனான் எண்டு உமக்குச் சொல்லேல்லை. சொல்லுறன், நீர் ஆரோ எவரோ, நாளைக்கு என்னைக் காணப் போறதில்லை. பரா அப்பிடிக் கேட்டவுடன எனக்குத் தலைக்கேறீட்டுது. அத்தினை பேருக்கு முன்னால நான் பொய்யன். நான் கேட்டன், உன்ர மனிசி பால் குடியாமல் கிடந்தால் மட்டும் உன்ர மகளுக்குப் பிள்ளை தங்கீடுமோ எண்டு. மலர் முன்வரிசையில இருந்தவ. ஆரணி அந்த நேரம் மூண்டாந்தரம் ரெண்டு மாசம் எண்டு எனக்குத் தெரியாது தம்பி. பவளத்துக்கும் சொல்லேல்லை, பயத்தில ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்தவை. தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பனோ? கூட்டம் முடிஞ்ச பிறகுதான் மலர் சொல்லிப் பவளம் அறிஞ்சு எனக்குச் சொன்னா. அந்த ஏழு மாசமும் நான் நித்திரை கொள்ளேல்லை. பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால் என்ர வாய்தான் எண்டு... சுகமாப் பிறந்திட்டுது எண்டு பவளம் சொன்ன அண்டைக்கு நான் குளியலறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதனான். இதைப் போய் ஆரிட்டச் சொல்லுறது?

அங்க, ஆரணி எங்களைப் பார்க்கிறாள். தாயிட்ட என்னவோ கேட்கிறாள். பிள்ளையை வாங்கிறாள். இஞ்சால வாறாள் தம்பி. பராவும் பார்த்துக்கொண்டு நிக்கிறான். வெங்காயத்தை எடும், கெதியா. என்ர சேட்டில ஏதும் பட்டிருக்கோ? நீர் பேசாமல் இரும்.

...

போயிட்டாள்.

கேட்டனீர்தானே அவள் என்ன கேட்டவள் எண்டு. நேர வந்து நிண்டு, சுகமோ மாமா எண்டுகூடக் கேட்கேல்லை. "மாமா, இது ஆருக்குப் பிடிச்சு வைச்சிருக்கிறியள்?" எண்டு கேட்டவள். அதை ஏன் அப்பிடிக் கேட்க வேணும்? அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டவள். என்ர வாயால வர வேணும் எண்டு கேட்டவள். அங்க தகப்பன் இடுப்பில கையை வைச்சுக்கொண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறான். மலரும் நிக்கிறா. உங்களுக்குத்தான் பிள்ளை எண்டு ஒரு சொல். அதுக்குப் பிறகு மிச்சமெல்லாம் தானா வந்திருக்கும்.

நான் என்ன சொன்னனான்? உம்மைக் காட்டி, இந்தத் தம்பியின்ர குடும்பத்துக்கு, இப்ப வரப்போகினம் எண்டு சொன்னன்.

ஏன் சொன்னன் எண்டு எனக்கு விளங்கேல்லை. அங்க ரெண்டு புது அடுப்பு மினுங்குது. வேண்டாம் எண்டு வைச்சவைக்குப் போய், உங்களுக்காக ஆறரையிலிருந்து நிக்கிறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அவள் உம்மை ஒருக்காப் பார்த்தாள், என்னை ஒருக்காப் பார்த்தாள். சரி மாமா எண்டாள். பிள்ளை என்ர பக்கம் கையை நீட்டினது. கண்டனீரோ? என்ர கை முழுக்க எண்ணெயும் வெங்காயமும், எப்பிடி வாங்கிறது? கழுவிப்போட்டு வாங்கியிருக்கலாம். ஒரு நிமிசம் நில் பிள்ளை எண்டு சொல்லியிருக்கலாம். பேர்கூடக் கேட்கேல்லை.

இப்ப தகப்பனிட்டப் போய்ச் சொல்லுறாள். அவன் தலையை ஆட்டுறான். திரும்பீட்டான்.

நீர் ஏன் காணும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீர்? நான்தான் பேசாமல் இரும் எண்டு சொன்னன், சரி. சொன்னால் அப்பிடியே இருக்கிறதோ? முழுக்கக் கேட்டனீர்தானே, துவக்கத்திலிருந்து கடைசிமட்டும். எனக்குக் குடும்பம் இஞ்ச இல்லை, இந்த மனுசன் உங்களுக்காகத்தான் விடியவிருந்து நிக்கிறார் எண்டு, உம்மட வாயாலயாவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே தம்பி?